வற்றின நீச்சல்குளங்களும் எங்கட ஒழுங்கைகளும்

அப்பா கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்தவர். இப்ப நாங்கள் வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்குகிற ஒரு ஒழுங்கையில், மூன்றாம் மாடியில் இருக்கிறோம். போன மாதம் ஒரு ஞாயிறு பின்னேரம் நான் லப்டொப்பில் ‘டொக்டவுன் அன்ட் ஸீ-போய்ஸ்’ எண்ட ஆவணப்படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஸ்கேட்போர்ட் கலாசாரத்தின் தொடக்க கால வரலாற்றைச் சொல்கிற படம். அப்பா தேத்தண்ணியோடு வந்து பின்னால் நின்று கொஞ்ச நேரம் பார்த்தார். அறுபதுகளின் அமெரிக்கப் பிள்ளைகள் சில்லுப் பூட்டின பலகையில் ஏறி றோட்டில் உருண்டு போகிற பழைய காட்சி ஓடியது.

“இது எங்கட பெயரிங் வண்டிதானே” எண்டார்.

விவேகானந்த மேடு தெரியுமா உங்களுக்கு? கொட்டாஞ்சேனையில் விவேகானந்த சபை இருக்கிற இடம். அந்தச் சரிவில் அப்பாவும் கூட்டாளிமாரும் வண்டி விட்டிருக்கிறார்கள். 1980, 81 அளவில். பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் கழித்துப் போட்ட போல் பெயரிங் நாலு, சாமான் வந்த பெட்டியின் பலகை, திருப்புவதற்கு ஒரு கயிறு. சத்தம் ஜம்பட்டா வீதி வரைக்கும் கேட்கும் எண்டார். இருபத்திரண்டு வருசமாக இந்த மனிசனோடு ஒரே வீட்டில் இருக்கிறேன், இந்தக் கதையை ஒரு நாளும் கேட்டதில்லை.

“படம் ஏதும் இருக்கா அப்பா?”

“படமோ? ஆர் எடுத்தது?”

இந்தக் கட்டுரை அந்தப் பதிலில் இருந்துதான் வருகிறது. படத்தைப் பற்றியும் எழுதப் போகிறேன். ஆனால் படம் முடிந்த பிறகும் என்னை விடாமல் இருந்தது வேறொரு கேள்வி. சில்லும் பலகையும் அங்கேயும் இருந்தது, இங்கேயும் இருந்தது. அங்கே அது ஒரு வரலாறாகி, கடைசியில் ஒலிம்பிக் வரைக்கும் போனது. இங்கே அது ஒரு ஞாயிற்றுக்கிழமைக் கதையாகக்கூட மிஞ்சாமல் போகப் பார்த்தது. ஏன்?

முதலில் அவர்களுடைய கதை.

ஸ்கேட்போர்ட்டை ஒரு ஆள் ஒரு நாளில் கண்டுபிடிக்கவில்லை. ஐம்பதுகளில் அமெரிக்காவின் பல இடங்களில் பிள்ளைகள் ரோலர் ஸ்கேட்டின் சில்லுகளைக் கழற்றிப் பலகையில் பூட்டினார்கள். கலிபோர்னியாவில் அலைச்சறுக்குப் பழகினவர்களுக்கு, கடலில் அலை இல்லாத நாளில் தரையில் சறுக்க இது வசதியாக இருந்தது. அறுபதுகளில் கம்பனிகள் உள்ளே வந்தன. 1965 மே மாதம் ‘லைஃப்’ சஞ்சிகையின் அட்டையில் பாட் மெகீ எண்ட பெண் ஓடுகிற பலகையில் தலைகீழாக, கையில் நின்றார். அது உச்சம். அதே வருசத்திலேயே சரிவும் தொடங்கியது. அந்தக் காலத்துச் சில்லு களிமண் கலவையால் செய்தது. சின்னக் கல் ஒன்று பட்டாலும் நின்றுவிடும், பிள்ளை மட்டும் முன்னால் பறக்கும். கை கால் முறிந்தது, நகரசபைகள் தடை போட்டன, கடைகளில் சரக்குத் தேங்கியது. முடிந்துபோன விளையாட்டு எண்டு எல்லோரும் நினைத்தார்கள்.

அதைத் திருப்பிக் கொண்டுவந்தது ஒரு பொருள், யூரித்தேன். எழுபதுகளின் தொடக்கத்தில் ஃபிராங்க் நஸ்வேர்தி எண்டவர் இந்த மென்பிளாஸ்டிக்கில் வார்த்த சில்லுகளை ஸ்கேட்போர்ட்டுக்கு எடுத்து, ‘கடிலக்’ எண்ட பேரில் விற்கத் தொடங்கினார். இந்தச் சில்லு தாரைப் பிடித்துக்கொள்ளும், சின்னக் கல்லை விழுங்கிக்கொண்டு போகும். இனி வளைந்து திரும்பலாம், சாய்ந்து கையைத் தரையில் ஊன்றலாம். ஒரு விளையாட்டின் உடல்மொழியே மாறியது.

படம் உண்மையில் இங்கேதான் சூடு பிடிக்கிறது. இடம், சான்டா மொனிக்காவுக்கும் வெனிஸுக்கும் இடைப்பட்ட கடற்கரை. பணக்காரக் கலிபோர்னியாவின் நடுவில் கைவிடப்பட்ட ஒரு துண்டு, அங்கத்தைய பெடியளின் வாயில் ‘டொக்டவுன்’. கடலுக்குள் நீட்டிக் கட்டிய பசிபிக் ஓஷன் பார்க் எண்ட களியாட்டப் பூங்கா 1958இல் திறந்து 1967இல் மூடப்பட்டது. பிறகு வருசக்கணக்காக அது உக்கி, எரிந்து, இடிந்து கிடந்தது. அந்த உடைந்த தூண்களுக்கு நடுவில் புகுந்து அலையில் சறுக்கினவர்கள்தான் இந்தப் பெடியள். ஜெஃப் ஹோ, ஸ்கிப் எங்ப்ளொம், க்ரெய்க் ஸ்டேசிக் மூவரும் நடத்தின ‘ஸெஃபிர்’ எண்ட அலைச்சறுக்குப் பலகைக் கடை அவர்களுக்கு வீடு மாதிரி. பலருடைய உண்மையான வீடு உடைந்த வீடு. ஸெஃபிரின் முதல் எழுத்தான ‘ஸீ’தான் ஸீ-போய்ஸ் ஆனது.

அலையில் செய்ததை அவர்கள் தாரில் செய்தார்கள். ஹவாயைச் சேர்ந்த லரி பேர்டில்மன் அலையில் குனிந்து கையால் தண்ணீரைத் தொடுவதைப் பார்த்து, அப்படியே றோட்டில் குனிந்தார்கள். மலைச்சரிவுப் பள்ளிக்கூடங்களின் மைதான ஓரத்தில் சாய்வாகப் போட்ட தார் அவர்களுக்கு அலை. 1975இல் டெல் மார் எண்ட இடத்தில் பெரிய போட்டி நடந்தது. மற்றவர்கள் நிமிர்ந்து நின்று ஜிம்னாஸ்டிக் மாதிரி வித்தை காட்ட, நீல ரீ-சேர்ட் போட்ட இந்தக் கூட்டம் தரையோடு ஒட்டிப் பாய்ந்தது. நடுவர்களுக்கு எப்படிப் புள்ளி போடுவதெண்டே விளங்கவில்லை.

பிறகு மழை பொய்த்தது. 1976, 77இல் கலிபோர்னியாவில் கடும் வறட்சி. தண்ணீர்க் கட்டுப்பாட்டால் பணக்கார வீடுகளின் நீச்சல்குளங்கள் காய்ந்து கிடந்தன. வட்டமான அடியும் வளைந்த சுவரும் கொண்ட சீமெந்துக் கிண்ணங்கள். பெடியள் மதிலேறிக் குதித்தார்கள், மிச்சத் தண்ணியைப் பம்ப் வைத்து இறைத்தார்கள், பொலிஸ் வருதா எண்டு ஒருத்தனைக் காவல் வைத்தார்கள். களவாக இல்லாமல் கிடைத்த ஒரு குளமும் உண்டு. சாவை நெருங்கிக்கொண்டிருந்த ஒரு பெடியன் தகப்பனிடம் கேட்டு, தங்கள் வீட்டுக் குளத்தை வற்ற வைத்துக் கூட்டாளிமாருக்குத் திறந்துவிட்டான். நாள் முழுக்க யாரும் துரத்தாத இடம் கிடைத்ததும் அவர்களுக்குத் துணிவு ஏறியது. டோனி அல்வா சுவரின் விளிம்பையும் தாண்டிக் காற்றில் எழும்பித் திரும்ப உள்ளே இறங்கினது இந்தக் குளத்துக் காலத்தில்தான் எண்டு படம் சொல்கிறது. இண்டைக்கு நாங்கள் யூடியூபில் பார்க்கிற ஸ்கேட்போர்ட் வித்தைகளில் பாதி அந்த விளிம்பில் இருந்து வந்தது.

இந்தப் படத்தை எடுத்தவர் ஸ்டேசி பெரல்டா. அவரே ஸெஃபிர் அணியில் ஒருவர். அவரோடு சேர்ந்து எழுதினது கடைக்காரர்களில் ஒருவரான ஸ்டேசிக். 2001இல் சன்டான்ஸ் திரைப்பட விழாவில் ஆவணப்படப் பிரிவில் இயக்குநர் விருதையும் பார்வையாளர் விருதையும் வாங்கியது. கதை சொல்கிற குரல் ஷோன் பென்னுடையது. ஓரிடத்தில் அவர் தொண்டையைச் செருமுகிறார், அதையும் வெட்டாமல் விட்டிருக்கிறார்கள். அந்தக் கவனமான கவனமின்மைதான் படத்தின் ஸ்டைல். பார்க்க நல்லாத்தான் இருக்கு. வெட்டுகள் வேகமாக இருக்கு, பாட்டுகள் பொருத்தமாக இருக்கு.

ஆனால் கலைப்பீடத்தில் வரலாறு படிக்கிற பழக்கத்தில் நான் எப்பவும் கேட்கிற கேள்வி ஒன்று இருக்கு: இது ஆருடைய ஆவணம்? படத்துக்குப் பணம் போட்டது ஸ்கேட்போர்ட் சப்பாத்து விற்கிற வான்ஸ் கம்பனி. நாயகர்கள் இயக்குநரின் கூட்டாளிகள். தங்களைத் தாங்களே மெச்சிக்கொள்கிற இடங்கள் கனக்க இருக்கு. நியாயமாகச் சொன்னால், ஜே அடம்ஸ் வருகிற பகுதியில் படம் அந்த மெச்சலை விட்டு இறங்குகிறது. எல்லோரையும் விடத் திறமையானவன் எண்டு எல்லோரும் சொல்கிற அந்த ஆள், போதையும் சிறையும் கண்டு, 2014இல் இறந்துபோனார். படத்தில் அவருடைய முகத்தைப் பார்த்தால் வெற்றிக்கதை எண்டு சொல்ல மனம் வராது.

இவ்வளவு குறையோடும் படம் நிற்கிறதற்குக் காரணம், அந்தக் காலத்திலேயே எடுக்கப்பட்ட படங்கள். ஸ்டேசிக் எழுபதுகளிலேயே இவர்களைப் படமெடுத்து, 1975இல் திரும்ப வரத் தொடங்கின ‘ஸ்கேட்போர்டர்’ சஞ்சிகையில் டொக்டவுன் பற்றித் தொடராக எழுதினார். க்ளென் ஃப்ரீட்மன் அவர்களை விட இளையவர், பள்ளிக்கூட வயதிலேயே கமெராவோடு குளத்துக்குள் இறங்கினவர். இருபத்தைந்து வருசம் கழித்து பெரல்டா படம் எடுக்க உட்கார்ந்தபோது மேசையில் எல்லாம் இருந்தது. சிதிலமான பூங்கா இருந்தது, சில்லு இருந்தது, வறட்சி இருந்தது, எல்லாவற்றுக்கும் மேல் கமெரா இருந்தது.

இனி எங்கட பக்கம்.

வெள்ளவத்தையிலும் சிதிலம் இல்லாமல் இல்லை. ஹவ்லொக் வீதிப் பக்கம் இப்ப அடுக்குமாடியாக நிற்கிற ஹவ்லொக் சிட்டி, ஒரு காலத்தில் வெள்ளவத்தை நூற்பு நெசவாலை இருந்த காணி. 1933இல் அங்கே நடந்த வேலைநிறுத்தம் இந்த நாட்டுத் தொழிற்சங்க வரலாற்றில் வருகிறது. ஆலையும் போய், மாடியும் வராத இடைவெளி அங்கேயும் இருந்தது. கடற்கரை இருக்கு, அதற்கும் ஒழுங்கைக்கும் நடுவில் ரயில் பாதை இருக்கு. கொட்டாஞ்சேனையில் மேடு இருக்கு. பெயரிங்குக்குப் பஞ்சிகாவத்தை இருக்கு. ஒரு பட்டியல் போட்டால் எங்களிடமும் எல்லாம் இருந்திருக்கிறது.

இல்லாமல் போனது எது எண்டு அப்பாவின் கதையின் மிச்சத்தில் தெரிந்தது. வண்டி என்ன ஆனது எண்டு கேட்டேன். “எண்பத்துமூண்டில வீட்டோட போச்சு” எண்டார். சாதாரணமாகத்தான் சொன்னார். 1983 ஜூலையில் அவருக்குப் பதின்மூன்று வயது. முதலில் அகதி முகாம், பிறகு கொஞ்சக் காலம் யாழ்ப்பாணத்தில் சொந்தக்காரர் வீடு, பிறகு திரும்பக் கொழும்பு. திரும்பி வந்த பிறகு அப்பம்மா அவரை றோட்டில் விளையாட விடவில்லை. பள்ளிக்கூடம் விட்டால் வீடு. அல்பமும் அந்த வீட்டோடுதான் போனது. அப்பாவின் சின்ன வயதுப் படம் எண்டு எங்கள் வீட்டில் இருப்பது ஒன்றே ஒன்று. அதுவும் யாழ்ப்பாணத்துச் சொந்தக்காரர் வைத்திருந்து தந்தது, ஆரோ ஒருவருடைய கலியாணப் படத்தின் ஓரத்தில் அரைமுகமாக நிற்கிறார்.

ஸ்கேட்போர்ட் கலாசாரம் எண்டால் என்ன? வித்தைகளை ஒரு பக்கம் வைத்துவிட்டுப் பார்த்தால், அது இளம் ஆட்கள் ஒரு பொது இடத்தில் நாள் முழுக்கச் சும்மா நிற்பது. விழுவது, எழும்புவது, கதைப்பது, திரும்பத் திரும்ப அதே இடத்துக்கு வருவது. ஸீ-போய்ஸைப் பொலிஸ் துரத்தினது உண்மை. பிடிபட்டால் திட்டு விழும், அபராதம் வரும், தகப்பன் வந்து கூட்டிக்கொண்டு போக வேண்டி வரும். அந்த ஆபத்தே படத்தில் ஒரு கிளுகிளுப்பாக வருகிறது.

யுத்த காலத்து வெள்ளவத்தையில் ஒரு தமிழ்ப் பெடியன் சந்தியில் சும்மா நின்றால் என்ன நடக்கும்? இதை என்னுடைய வயது ஆட்களுக்குச் சொல்லித்தான் ஆக வேண்டியிருக்கு, ஏனெண்டால் நாங்கள் அப்ப குழந்தைகள், அல்லது பிறக்கவே இல்லை. வீட்டில் இருக்கிற ஆட்களின் பெயரைப் பொலிசில் பதிந்து அந்தத் துண்டை வைத்திருக்க வேணும். அடையாள அட்டை இல்லாமல் கடைக்குக்கூடப் போக ஏலாது. மச்சான் ஒருவர் சொல்வார், கிரிக்கெட் விளையாடப் போகிறபோது பந்தை மறந்தாலும் ஐசியை மறக்க மாட்டம் எண்டு. 2007 ஜூன் 7ஆம் திகதி விடியற்காலை கொழும்பின் லொட்ஜுகளில் தங்கியிருந்த தமிழர்கள் 376 பேரை பஸ்களில் ஏற்றி, வவுனியா உட்பட வடக்குக் கிழக்குக்கு அனுப்பினார்கள். வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை எல்லாம் அதில் அடக்கம். தங்கியிருப்பதற்குச் சரியான காரணம் சொல்லவில்லை எண்டதுதான் அவர்கள் மேல் இருந்த குறை. அடுத்த நாள் உயர் நீதிமன்றம் தலையிட்டு அதை நிறுத்தச் சொன்னது.

காரணம் சொல்லாமல் ஓரிடத்தில் இருக்க ஏலாத ஊரில் ‘சும்மா நிற்கிற’ கலாசாரம் எப்படி வளரும்? ‘எங்கட ஆக்களுக்குப் படிப்பு மட்டும்தான், விளையாட்டு, கலை எண்டு ஒண்டும் தெரியாது’ எண்டு நாங்களே எங்களைப் பற்றிச் சொல்லிச் சிரிக்கிறோம். நானும் சொல்லியிருக்கிறேன். இந்தப் படத்தைப் பார்த்த பிறகு அந்தப் பகிடி எனக்குக் கொஞ்சம் கசக்கிறது. பிள்ளையை வீட்டுக்குள் வைத்துப் படிப்பித்த தாய்மார் விளையாட்டை வெறுத்து அப்படிச் செய்யவில்லை. பிள்ளை பின்னேரம் உயிரோடு வீட்டுக்கு வர வேணும் எண்டு செய்தார்கள்.

இதில் இன்னொரு பாதியும் இருக்கு. ஸெஃபிர் அணியில் பன்னிரண்டு பேர். பதினொரு பேர் பெடியள், ஒருத்தி பெக்கி ஓகி. டெல் மார் போட்டியில் பெண்கள் பிரிவில் முதலாவதாக வந்தவர். படத்தில் அவருக்குக் கிடைக்கிற நேரம் மிகக் குறைவு. அணியின் பெயரே ‘போய்ஸ்’ எண்டு நிலைத்துவிட்டது. நான் இதைப் பார்த்துப் பெரிதாக ஆச்சரியப்படவில்லை. எங்கள் ஒழுங்கையில் யுத்தம் முடிந்த பிறகு கிரிக்கெட் திரும்ப வந்தது. நான் கேற்றுக்கு உள்ளே நின்று, மதில் தாண்டி விழுகிற பந்தை எடுத்துக் கொடுத்தேன். ஆறு வருசம். அதையும் ஒரு ஃபீல்டிங் எண்டு கணக்கெடுத்தால் நான்தான் அந்த ஒழுங்கையின் சிறந்த ஃபீல்டர்.

தமிழில் இந்தக் கதை வேறு மாதிரியும் நடந்திருக்கிறது எண்டதை நான் இதற்குப் பிறகுதான் தேடிப் பார்த்தேன். கடலுக்கு அந்தப் பக்கம், மாமல்லபுரத்தில். மீன்பிடிக் குடும்பங்கள் இருக்கிற கரைக்கு முதலில் அலைச்சறுக்கு வந்தது, அதன் பின்னால் ஸ்கேட்போர்ட் வந்தது. கலிபோர்னியாவில் வந்த அதே வரிசை. அங்கே கமலி மூர்த்தி எண்ட சின்னப் பிள்ளை வெறுங்காலோடு, வெள்ளைச் சட்டையோடு பலகையில் சரிந்து இறங்குகிற படத்தை, ஸ்கேட்போர்ட் உலகத்தின் ஆகப் பெரிய பெயரான டோனி ஹோக் இணையத்தில் பகிர்ந்தார். ‘கமலி’ எண்ட பேரிலேயே சாஷா ரெயின்போ ஒரு குறும் ஆவணப்படம் எடுத்தார், 2019இல் வந்தது. சிறுமியைப் பற்றிய படம் எண்டு பார்க்கத் தொடங்கினால், பாதிப் படம் அவளுடைய தாய் சுகந்தியைப் பற்றியது. தனக்குக் கிடைக்காத சுதந்திரம் மகளுக்குக் கிடைக்க வேணும் எண்டு ஊர் வாயோடு மல்லுக்கட்டுகிற ஒரு மனிசி. கமலி இப்ப வளர்ந்து, இந்திய அலைச்சறுக்குப் போட்டிகளில் பட்டங்கள் வென்றிருக்கிறாள்.

2020இல் பிரித்தானியாவின் பஃப்டா விருதுக்கு, குறும்படப் பிரிவில் ‘கமலி’ பரிந்துரைக்கப்பட்டது. விருதை வென்றது இன்னொரு ஸ்கேட்போர்ட் படம். காபூலில் ‘ஸ்கேடிஸ்தான்’ நடத்தின வகுப்புகளில் சிறுமிகள் எழுத்தும் படித்து, பலகையும் பழகுவதைப் பற்றியது. அதே வருசம் அதுதான் குறும் ஆவணப்படத்துக்கான ஒஸ்காரையும் எடுத்தது. 2021இல் ரோக்கியோ ஒலிம்பிக்கில் ஸ்கேட்போர்ட் முதன்முறையாகச் சேர்ந்தபோது பெண்கள் ஸ்ட்ரீட் பிரிவில் தங்கமும் வெள்ளியும் எடுத்த இரண்டு பேருக்கும் பதின்மூன்று வயது. ஆகஸ்ட் 2021இல் தலிபான் திரும்ப வந்த பிறகு காபூல் சிறுமிகளுக்கு என்ன நடந்தது எண்டு உங்களுக்குத் தெரியும். ஒரே மாதிரிப் பலகை, ஒரே வயது. றோட்டு ஆருக்குத் திறந்திருக்கு எண்டதுதான் வித்தியாசம்.

எங்களுக்கும் ஒரு ‘வறட்சி’ வந்தது. 2022இல். ஜூன் கடைசியில் அரசாங்கம் அத்தியாவசிய சேவைகள் தவிர வேறு ஆருக்கும் எரிபொருள் இல்லை எண்டு அறிவித்தது. செட்டுக்கு வெளியே வாகன வரிசை நீண்டது, காலி வீதி காய்ந்தது. கலிபோர்னியாவில் தண்ணி வற்றிக் குளம் வெறுமையான மாதிரி, இங்கே பெற்றோல் வற்றி றோட்டு வெறுமையானது. சைக்கிள் விலை எங்கேயோ போனது. ஒரு பின்னேரம் மரைன் டிரைவில் இரண்டு பெடியள் ஸ்கேட்போர்ட்டில் வந்தார்கள். ரயில் பாதைக்குப் பக்கத்தில், நடு றோட்டில், கையை விரித்துக்கொண்டு. பின்னால் கடலில் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. அந்தக் காலம் எவ்வளவு மோசமாக இருந்தது எண்டு எனக்குத் தெரியும். காஸ் இல்லை, கரண்ட் இல்லை, கம்பஸ் இல்லை. ஆனால் அந்த ஒரு நிமிசம் எனக்கு நல்லா இருந்தது. என் வாழ்க்கையில் முதல் தடவையாக இந்த றோட்டு ஆட்களுக்கு எண்டு இருந்தது.

அப்பாவைக் கூட்டிக்கொண்டு வந்து காட்டினேன். அவர் கேற்றடியை விட்டு வரவில்லை. வெறும் றோட்டை இந்தப் பக்கம் ஒருக்கா, அந்தப் பக்கம் ஒருக்கா பார்த்தார். “கர்ஃபியூ மாதிரிக் கிடக்கு. உள்ளுக்கு வா” எண்டார்.

அப்ப எனக்கு அது எரிச்சலாக இருந்தது. இப்ப விளங்குகிறது. அவருடைய தலைமுறைக்கு வெறுமையான றோட்டு எண்டால் ஏதோ நடக்கப் போகுது எண்டு அர்த்தம். எனக்கு அது விளையாட்டு மைதானம். இரண்டு பேரும் ஒரே றோட்டைத்தான் பார்த்தோம்.

இண்டைக்கு யுத்தம் இல்லை. கொழும்பு அழகாகவும் இருக்கு. நடைபாதைகளுக்குப் பளிங்கு மாதிரிக் கல் போட்டிருக்கு. ஆனால் 2010இல் நகர அபிவிருத்தி அதிகாரசபையைப் பாதுகாப்பு அமைச்சின் கீழ் கொண்டுவந்து செய்த அந்த அழகுபடுத்தலில் ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. நடக்கலாம், படம் எடுக்கலாம், சாமான் வாங்கலாம். கனநேரம் இருந்தால் விசில் ஊதுவார்கள். போன வருசம் நானும் இரண்டு சிநேகிதிகளும் இப்படியான ஒரு இடத்துப் படியில் உட்கார்ந்து கதைத்துக்கொண்டிருந்தோம். காவலாளி வந்து, இங்கே என்ன செய்யிறீங்கள் எண்டு கேட்டார். ஒண்டும் செய்யேல்லை எண்டோம். அப்ப எழும்புங்கோ எண்டார். பக்கத்தில் ஸ்கேட்போர்ட்டோடு நின்ற பெடியனையும் அதே விசில்தான் எழுப்பியது. 2007க்கும் இதற்கும் இடையில் பெரிய தூரம், இரண்டையும் ஒன்றாக வைக்கவில்லை. ஆனால் கேள்வி அதேதான்: இங்கே ஏன் நிற்கிறாய்?

அதனால்தான் ‘டொக்டவுன்’ மாதிரி ஒரு படம் எனக்கு வெறும் ஸ்கேட்போர்ட் படமாக இல்லை. தாங்கள் சும்மா நின்ற இடங்களை, அங்கே தாங்கள் கண்டுபிடித்த விளையாட்டை, ஒரு கூட்டம் தாங்களே வரலாறாக எழுதி வைத்திருக்கிறது. பெருமை பேசுகிறார்கள், ஓம். ஆனால் எழுதி வைத்திருக்கிறார்கள். எங்கட ஆவணங்கள் எல்லாம் எரிந்த கதை, காணாமல் போன கதை, இடம்பெயர்ந்த கதை. அவை கட்டாயம் வேணும். அதோடு மேட்டில் வண்டி விட்ட கதையும் வேணும். இல்லாவிட்டால் எங்கட அப்பா அம்மாமார் ஒரு நாளும் பிள்ளைகளாக இருந்ததில்லை எண்டு நாங்கள் நம்பிவிடுவோம். அவர்களிடமிருந்து என்ன பறிக்கப்பட்டது எண்டதும் அப்ப முழுசாகத் தெரியாமல் போகும்.

கமெரா இல்லாத வரலாற்றுக்கு வாய்தான் ஆவணம். அந்த வாய்களுக்கு இப்ப ஐம்பத்தைந்து, அறுபது வயது. வாசிக்கிற நீங்கள் கொழும்பிலோ வேறெங்கோ இருந்தால், இந்தக் கிழமை வீட்டில் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: சின்ன வயதில் றோட்டில் என்ன விளையாடினீங்கள்? ஃபோனில் ரெக்கோர்ட் பண்ணுங்கள். எந்த ஒழுங்கை, எந்த வருசம், ஆர் ஆர் இருந்தது எண்டு கேளுங்கள். எந்த வருசத்தோட நிண்டது எண்டும் கேளுங்கள்.

நான் தொடங்கிவிட்டேன். அப்பா கரண்ட் பில்லின் பின்பக்கத்தில் வண்டியைக் கீறித் தந்தார். பலகை, முன்னால் ஒற்றை ஆணியில் திரும்புகிற குறுக்குக் கட்டை, அதில் இரண்டு பெயரிங், பின்னால் இரண்டு, கயிறு, பிரேக்குக்குப் பழைய செருப்பு இறப்பர். அதைப் படமெடுத்து ரொறன்ரோவில் இருக்கிற அத்தைக்கு அனுப்பினேன். அப்பாவை விட இரண்டு வயது இளையவர். ஐந்து நிமிசத்தில் குரல் பதிவு வந்தது.

“அவன் பிழையாக் கீறியிருக்கிறான். பின்னுக்கு ஒரு தடி இருந்தது, தள்ளுறதுக்கு. அதைக் காணேல்லை. மேட்டுக்கு மேல ஒவ்வொரு தரமும் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனது ஆர் எண்டு கேள். ஒரு நாளும் என்னை ஏற விடேல்லை.”

அப்பாவுக்குப் போட்டுக் காட்டினேன். சிரித்தார். பிறகு பேனையை வாங்கி, பின்பக்கத்தில் அந்தத் தடியைக் கீறினார்.